ஒரே மாதத்தில் மூன்று பெருநாள்: வண்ணாத்திவில்லின் பலகாரத் தட்டு

வண்ணாத்திவில்லு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, 2019 ஜனவரியில் இங்குள்ள தென்னந்தோட்டம் ஒன்றில் பொலிஸார் கைப்பற்றிய சுமார் 100 கிலோ வெடிமருந்துதான். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊரின் பெயர் அந்தச் செய்தியோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு இங்கே வாழ்கிற வீடுகளில் பங்குனியும் சித்திரையும் எப்படிக் கழிகின்றன என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் மன்னாரிலிருந்து திருமணம் முடித்து இங்கே வந்தவள், கத்தோலிக்கக் குடும்பம். பக்கத்து வீட்டு உம்மா, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவிலிருந்து வந்தவர். அப்போது வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகில் கற்பிட்டிக் கரைக்கு வந்து, பிறகு புத்தளம் மாவட்டம் எங்கும் குடியேறினார்கள். அவரும் நானும் ஒரே ஊர்க் கதை பேசுகிறவர்கள். நான் அவரை உம்மா என்பேன், அவர் என்னை மகள் என்பார்.

எங்கள் பெருநாள்கள் மூன்றும் மூன்று கணக்கில் நடப்பவை. சித்திரைப் புத்தாண்டு சூரியக் கணக்கு. சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நாள் என்பதால் ஏப்ரல் 14ஐ விட்டு அதிகம் விலகாது. உயிர்த்த ஞாயிறு சூரியனையும் சந்திரனையும் சேர்த்துப் பார்ப்பது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பூரணைக்கு அடுத்த ஞாயிறு அது. ஆகவே மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் நகரும். நோன்பு முழுக்கப் பிறைக் கணக்கு. பிறை ஆண்டுக்கு 354 நாள்தான்; அதனால் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்து, ஏறத்தாழ 33 வருடத்தில் ஒரு சுற்றை முடிக்கும்.

மூன்றும் ஒன்றாக விழும் காலம் அதனால்தான் அரிது. 2022இல் ஏப்ரல் 3 நோன்பு தொடங்கியது. 14 புத்தாண்டு, 15 பெரிய வெள்ளி, 17 உயிர்த்த ஞாயிறு. 2023இலும் புத்தாண்டும் உயிர்த்த ஞாயிறும் நோன்புக்குள்ளேயே வந்தன. அதற்கு முந்திய சுற்று 1990. அந்த வருடம் ஏப்ரல் 14 புத்தாண்டு, மறுநாள் உயிர்த்த ஞாயிறு, இரண்டும் நோன்பு மாதத்துக்குள். மன்னாரில் கோயில் வீடும் வேத வீடும் பள்ளிவாசல் வீடும் தட்டு மாற்றிக்கொண்ட கடைசிச் சித்திரை அது. ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது, ஒக்டோபரில் வெளியேற்றம் நடந்தது. 1991இலும் மூன்றும் ஒன்றாகத்தான் வந்தன. தட்டை நீட்ட அடுத்த வீட்டில் ஆள் இருக்கவில்லை.

பெருநாள் பலகாரம் ஏன் இவ்வளவு முட்டையும் நெய்யுமாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடை நோன்பில் இருக்கிறது. ஹங்கேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காலத்தில் அங்கே நாற்பது நாள் தவக்காலத்தில் இறைச்சியும் முட்டையும் வெண்ணெயும் விலக்கு. கோழி முட்டையிடுவதை நிறுத்துவதில்லையே, முட்டை வீட்டில் குவியும். உயிர்த்த ஞாயிறுக்கு அதெல்லாம் மாவுக்குள் போகும். கலாச் என்கிற பின்னல் போட்ட இனிப்புப் பாண், உப்பிட்ட பன்றித்தொடை, வெங்காயத் தோலில் சிவப்பாக அவித்த முட்டை ஆகியவற்றைக் கூடையில் வைத்துக் கோயிலில் மந்திரித்து எடுத்துவருவார்கள். மறுநாள் திங்கட்கிழமை ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்கள் மேல் தண்ணீரோ வாசனைத் திரவியமோ தெளிப்பார்கள். பெண்கள் சாயமிட்ட முட்டை கொடுப்பார்கள். அந்த நாட்டிலிருந்தும் 1956 எழுச்சி நசுக்கப்பட்டபோது சுமார் இரண்டு லட்சம் பேர் எல்லை தாண்டி ஓடினார்கள். ஊரை விட்டவர்களோடு ஒரு பலகாரத்தின் செய்முறையும் போகும் என்பது நமக்குப் புதிதல்ல.

இங்கே எங்கள் வீட்டில் உயிர்த்த ஞாயிறுக்குச் செய்வது லவ் கேக். போர்த்துக்கேயர் வழி வந்தது என்பார்கள். ரவை, முட்டை, சீனி, பட்டர், பன்னீர், ஏலம், சாதிக்காய், பொடியாக வெட்டிய கஜு. புத்தளத்து மணல் நிலத்துக்குக் கஜு மரம் ஏற்றது. அதன் பழம் விழுவதும் இந்த மாதங்களில்தான். உம்மா வீட்டில் பெருநாளைக்கு வட்டிலப்பம், அதாவது முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து ஆவியில் அவிப்பது. புத்தாண்டு கொண்டாடும் வீடுகளில் பயற்றம் பணியாரம், முறுக்கு, கொக்கிஸ்.

தட்டு மாற்றுவதற்கும் சட்டம் உண்டு. கேக்குக்குள் சிலர் பிரண்டி விடுவார்கள். உம்மா வீட்டுக்குப் போகும் கேக்கில் அது கூடாது. பன்றிக்கொழுப்பு கலந்த எதுவும் பட்ட தட்டில் வைக்கவும் கூடாது. நோன்பு நாளில் பகலில் கொண்டுபோவதில்லை, மஃரிப் பாங்கு சொன்ன பிறகுதான். பெரிய வெள்ளியன்று உம்மா அனுப்பும் நோன்புக் கஞ்சியில் இறைச்சி இருக்காது, அது எங்களுக்கு ஒறுத்தல் நாள் என்று அவருக்குத் தெரியும். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுப்பதில்லை, கொஞ்சம் சீனியாவது போட வேண்டும். இவ்வளவும் ஒருவரின் நம்பிக்கையை மற்றவர் மனப்பாடமாக வைத்திருந்தால்தான் நடக்கும்.

2019இல் அது அறுந்தது. குண்டுவெடிப்பு நடந்து இரண்டு கிழமையில் நோன்பு தொடங்கியது. மே 13 அன்று வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. இதே மாவட்டத்தில் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தன் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நோன்பில் எங்கள் ஒழுங்கையில் தட்டு எதுவும் நடக்கவில்லை. சண்டை ஒன்றுமில்லை. கொடுத்தால் வாங்குவார்களா, வாங்கினால் சாப்பிடுவார்களா என்று இரண்டு பக்கமும் தயங்கினோம். சந்தேகம் முதலில் சாப்பாட்டில்தான் தெரியவரும்.

2022இல் காஸ் இல்லை, பால்மா இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அவன் இருந்தும் பயனில்லாமல் பழைய முறைக்குப் போனோம். அடிகனத்த தாச்சிக்குள் மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, மூடிக்கு மேலே தேங்காய்ச் சிரட்டைத் தணல், கீழே மெல்லிய தணல். மேல் தணல் கூடினால் மேலே கருகும், நடு வேகாது. உம்மாவுக்குத்தான் இந்தக் கை நன்றாகத் தெரியும். நோன்போடு வந்து, ருசி பார்க்க முடியாமல், வாசத்தை வைத்தே வெந்துவிட்டது என்று சொன்னார். "மகள், தணலை எடுங்க, மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும்" என்றார். பட்டருக்குப் பதில் மாஜரின், கஜு பாதி அளவு. ஒரு கேக்கை மூன்று வீட்டுக்குப் பிரித்தோம்.

இந்த மூன்று பெருநாளும் மறுபடி இப்படி ஒன்றாக வருவது 2050களின் நடுவில். அப்போது உம்மா இருக்கமாட்டார், நானும் இருப்பேனோ தெரியாது. எந்தக் கேக்கில் என்ன கூடாது, எந்த நாளில் கஞ்சியில் என்ன போடக்கூடாது என்பதை என் மகளும் உம்மாவின் பேத்தியும் இப்போதே அறிந்துவைத்திருக்கிறார்கள். பாதையும் வீடும் அரசாங்கம் கட்டித் தரலாம். இதை வீட்டில் இருக்கிறவர்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.