புளிப்புக்கு ஒரு டிரையல் பேலன்ஸ்!

பி.காம். படித்தவனுக்கும் ஆசிட்டுக்கும் என்ன சம்பந்தம்? காலேஜில் நான் கெமிஸ்ட்ரி லேப் பக்கம் போனதெல்லாம், அது கேன்டீனுக்குக் குறுக்கு வழி என்பதால்தான். அப்படிப்பட்ட என்னை ஒரு கேரட் ஊறுகாய் பாட்டில், கோயமுத்தூரில் ஒரு லேப் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டது.

எல்லாம் ஒரு போன் காலில் ஆரம்பித்தது.

''டேய், போன தடவை வந்தப்போ உனக்குக் குடுத்த ஊறுகாய் இருக்கா?''

''தீர்ந்து போச்சே! தயிர் சாதத்துக்கு அப்படியே...''

''ஐயையோ!'' என்றான் நண்பன்.

ஊறுகாய் தந்தவன் இப்படி அலறினால் சாப்பிட்டவன் கதி என்ன? அடுத்த நாளே ஊட்டி பஸ் ஏறிவிட்டேன்.

நண்பனுக்கு ஊர் கிளென்மார்கன். ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் போய், பைக்காரா பக்கம் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் மின்வாரியக் குடியிருப்பு. 1932-லிருந்து மின்சாரம் தரும் பைக்காரா மின்நிலையத்துக்கு இங்கிருந்துதான் ராட்சதக் குழாய்களில் தண்ணீர் கீழே சிங்காராவுக்கு இறங்குகிறது. நண்பனின் அப்பா மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். பிள்ளை என்னோடு பி.காம். படித்துவிட்டு, பத்து வருஷம் கணக்கு எழுதி அலுத்து, அம்மாவின் கைப்பக்குவத்தை நம்பி ஊறுகாய் வியாபாரத்தில் இறங்கியவன். கேரட்தான் கைக்கெட்டும் தூரத்தில் விளைகிறதே!

போய்ப் பார்த்தால் வாசலில் ஒன்பது பாட்டில்கள். மூடிகள் எல்லாம் வயிறு உப்பிக் கிடந்தன. ஊட்டிக் கடைக்காரர் திருப்பி அனுப்பியவை. உள்ளே கிருமி வளர்ந்து கேஸ் கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

''எப்பவும் பண்ற மாதிரிதானே பண்ணினீங்க?'' என்றேன்.

அம்மா பதில் சொல்லாமல் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை என்னைப் பார்த்தான்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன கோடையில் எலுமிச்சை விலை எகிறியபோது, இதே திண்ணையில் டீ குடித்துக்கொண்டு, ''கிலோ கேரட்டுக்கு ஒரு டஜன் எலுமிச்சை எதுக்குடா? எட்டு போதும். காஸ்ட் கன்ட்ரோல்!'' என்று உபதேசம் செய்தவன் அடியேன். பி.பி. கஸ்டமர்களுக்காக உப்பையும் பாதியாகக் குறைக்கச் சொன்னவனும் அடியேனே. கோடையில் கிடைத்ததோ கோலிக்குண்டு சைஸ் எலுமிச்சை!

''புளிப்பு பத்தலை கண்ணுன்னு அப்பவே சொன்னேன். யாரு கேட்டீங்க?'' என்றார் அம்மா.

உப்பாத பாட்டில்களில் இரண்டை எடுத்துக்கொண்டு, நண்பனும் நானும் கோயமுத்தூர் கிளம்பினோம். பர்லியார் வளைவுகளில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் வந்த வருகையைப் பார்த்து, பக்கத்து சீட் பெரியவர் தள்ளி உட்கார்ந்தார்.

லேபில் இருந்த பெண்மணி பத்து கிராம் ஊறுகாயைத் தண்ணீரோடு அரைத்து, 100 மில்லியாக்கி, வடிகட்டினார். மிளகாய்த் தூள் புண்ணியத்தில் தண்ணீர் செக்கச்செவேல்.

''ஸ்கூல்ல டைட்ரேஷன் பண்ணியிருப்பீங்களே சார்? சொட்டுச் சொட்டா காரம் விட்டா, ஆசிட் தீர்ந்ததும் பிங்க் கலர் வரும். இந்தச் சிவப்புல பிங்க்கை எங்க தேடறது? அதுக்குத்தான் இது'' என்று ஒரு மெஷினைக் காட்டினார்.

அதன் பெயர் ஆட்டோமேடிக் டைட்ரேட்டர். பார்க்க காபி மெஷின் மாதிரி இருந்தது. கீழே பீக்கர், அதில் ஊறுகாய்த் தண்ணீர் 25 மில்லி. அடியில் ஒரு குட்டிக் காந்தம் தானே சுற்றிக் கலக்குகிறது. மேலிருந்து ஒரு கண்ணாடிக் குச்சி முங்கி நிற்கிறது. அதுதான் எலெக்ட்ரோடு, கண்ணுக்குப் பதில் அதுதான் காவல். பக்கத்தில் மோட்டார் வைத்த ப்யூரெட், சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாக இறக்குகிறது. முதலில் தாராளமாக, முடிவு நெருங்க நெருங்க, மாதக் கடைசியில் நாம் செலவு செய்வது போல! பி.ஹெச். 8.1-ஐத் தொட்டதும் நின்றுவிடுகிறது.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இது டிரையல் பேலன்ஸ்! ஆசிட் ஒரு பக்கம், காரம் மறுபக்கம். இரண்டும் டாலி ஆகிற வரைக்கும் காரத்தை எழுதிக்கொண்டே போ. எவ்வளவு எழுதினாய் என்று பார்த்தால், எதிர்ப்பக்கம் எவ்வளவு இருந்தது என்று தெரிந்துவிடும்.

''அப்போ பி.ஹெச். மட்டும் பார்த்தா போதாதா?'' என்றேன், பெரிய விஞ்ஞானி மாதிரி.

போதாதாம். பி.ஹெச். என்பது சட்டைப் பையில் தெரிகிற பணம். டைட்ரேஷன் சொல்வது பேங்க் பேலன்ஸையும் சேர்த்த மொத்தச் சொத்து. கோலா பானத்துக்கு பி.ஹெச். இரண்டரையை ஒட்டி, ஆரஞ்சு ஜூஸுக்கு மூன்றரைக்கு மேல். அப்படியானால் கோலாதானே பெரிய புளிப்பு? ஆனால் டைட்ரேட்டரில் வைத்தால், ஆரஞ்சு ஜூஸ்தான் பல மடங்கு காரம் குடிக்கிறது. கோலா, பர்ஸில் நாலு நோட்டை நீட்டிக் காட்டுகிற ஆசாமி. (அந்தப் பந்தாவே பல் எனாமலைக் கரைக்கப் போதும், பி.ஹெச். 5.5-க்குக் கீழே போனாலே எனாமலுக்கு ஆபத்து. சர்க்கரை போட்டு மறைத்திருப்பதால் நாக்குக்குத் தெரிவதில்லை.)

இந்த எலெக்ட்ரோடு சமாசாரம் பிரபலமானதற்கும் எலுமிச்சைதான் காரணம் என்பது சுவாரசியம். 1934-ல் கலிபோர்னியாவில் பழ விவசாயிகள் சங்கத்தின் கெமிஸ்ட் ஒருவர், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியாமல் தவித்தார். பதப்படுத்தச் சேர்த்த கந்தக டை ஆக்சைடு, லிட்மஸின் நிறத்தையே கெடுத்துவிட்டது. பழைய கிளாஸ்மேட் ஆர்னால்டு பெக்மனிடம் போய் முறையிட்டார். பெக்மன் வால்வுகளை வைத்து ஒரு கருவி செய்து கொடுத்தார். பி.ஹெச். மீட்டர் வியாபாரம் பிறந்தது அப்படித்தான். அந்த கெமிஸ்ட்டின் பெயர் கிளென் ஜோசப். ஆக, கிளென்மார்கன்காரன் எலுமிச்சைப் பிரச்னையோடு வந்ததில் ஒரு பெயர்ப் பொருத்தம்!

மெஷின் 'பீப்' என்றது. செலவான காரம் 2.8 மில்லி. சிட்ரிக் ஆசிட் கணக்கில் 0.72 சதவிகிதம்.

2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி, எலுமிச்சைச் சாற்றில் போட்ட ஊறுகாயில் குறைந்தது 1.2 வேண்டும். நாங்கள் பாதியைத்தான் கொஞ்சம் தாண்டியிருந்தோம்.

''கேரட்டுக்குச் சொந்தப் புளிப்பு கிடையாது சார். பி.ஹெச். ஆறு பக்கம் இருக்கும். ஊறுகாய் 4.6-க்குக் கீழே வந்தாத்தான் பொட்டுலினம் கிருமி வளராது. அது விடற விஷம் ஆளையே கொல்லும். நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது'' என்றார் அவர் சாதாரணமாக. நான் சாப்பிட்ட தயிர் சாதம் ஒவ்வொரு உருண்டையாக ஞாபகம் வந்தது.

''மெஷின் தப்பாச் சொல்லாதா?'' நண்பன் கடைசி நம்பிக்கையோடு கேட்டான்.

''சொல்லுமே! காரக் கரைசல் காத்துபட்டு வீரியம் குறைஞ்சா, அதிக அளவு இறங்கும். இல்லாத புளிப்பை இருக்கறதாக் காட்டும். எலெக்ட்ரோடு காய்ஞ்சு போனாலும் உளறும். அதான் தினம் சரிபார்க்கிறோம். இன்னிக்குக் காலையிலதான் பார்த்தேன்.''

அதாவது ஆடிட்டருக்கும் ஆடிட் உண்டு. பிறகென்ன பேச!

மெஷின் விலை சில லட்சங்கள், ஊறுகாய்க்காரனுக்குக் கட்டாது. ஆனால் புத்தி இலவசம். கடைகளில் மீதியிருந்த முப்பது பாட்டிலையும் அன்றைக்கே போன் போட்டுத் திருப்பி வாங்கினான் நண்பன். அந்த மாத லாபம் குப்பைக் குழியில். இப்போது எலுமிச்சையை எண்ணுவதில்லை. கிலோவுக்கு 350 மில்லி சாறு என்று அளந்து ஊற்றுகிறான். உப்பும் பழையபடி. ஒவ்வொரு தயாரிப்பையும் சின்ன பி.ஹெச். மீட்டரில் பார்த்துவிட்டு, ஒரு சாம்பிளை லேபுக்கும் அனுப்புகிறான்.

புதுச் சரக்கின் ரிப்போர்ட்: 1.31. அதை எடுத்துக்கொண்டு நானே கிளென்மார்கன் போனேன், பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி.

அம்மா காகிதத்தைத் தொடக்கூட இல்லை. ஸ்பூன் நுனியில் எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, ''ம்... இப்பத்தான் சரியா இருக்கு'' என்றார். பிறகு என்னைப் பார்த்து, ''இதையேதான் நான் அன்னிக்கும் சொன்னேன். நான் சொன்னா கேட்க மாட்டீங்க. அந்த மெஷின் சொன்னா பஸ் ஏறிப் போய்க் கேப்பீங்க!''

எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் இதற்குப் பதில் இல்லை. பேசாமல் தட்டை நீட்டினேன்.