இரும்பின் நடுவே வேகம் அறிதல்

செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாத கட்டடத்துக்குள் நகரும் மனிதரின் அல்லது வண்டியின் திசைவேகத்தை அறிய, அவர்களோடு சேர்ந்து நகரும் உணரிகளையே நம்பியாக வேண்டும். முடுக்கமானி, சுழல்மானி, காந்தமானி ஆகிய மூன்றும் அதற்குக் கைகொடுக்கின்றன. பல திறன்பேசிகளில் இவை மூன்றும் இருக்கின்றன.

முடுக்கமானி காட்டும் முடுக்கத்தை நொடிக்கு நொடி கூட்டிக்கொண்டே வந்தால் வேகம் கிடைத்துவிடும். ஆனால் பிழையும் அதோடு கூடிக்கொண்டே வரும். கருவி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற கணிப்பில் ஒரே ஒரு பாகை தவறினால் போதும். புவியீர்ப்பின் ஒரு சிறு பங்கு, நொடி வர்க்கத்துக்கு சுமார் 0.17 மீட்டர், முடுக்கம்போல் கணக்கில் நுழைந்துவிடும். மேசைமேல் அசையாமல் கிடக்கும் கருவி ஒரு நிமிடம் கழித்து மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதாக விடை வரும். சுழல்மானியைத் துணைக்குச் சேர்த்தாலும் இந்த வழுவல் தாமதமாகுமே தவிர, நிற்காது.

காந்தமானியின் வழக்கமான வேலை திசை காட்டுவது. புவியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனைக்கு அருகே செல்கிறது. அக்கோட்டுக்குச் சற்றே வடக்கில் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் காந்தப்புலம் ஏறக்குறைய கிடைமட்டமாக, சுமார் 40 மைக்ரோடெஸ்லா வலிமையோடு இருக்கிறது. வயல்வெளியில் நின்று பார்க்கும் திசைகாட்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. அதே திசைகாட்டியைத் திருமயத்தில் உள்ள பெல் நிறுவனத்தின் குழாய்த் தொழிற்சாலை போன்ற இடத்துக்குள் கொண்டுபோனால் கதை மாறிவிடும். எஃகுக் குழாய்கள், தூண்கள், பாரந்தூக்கிகள் எல்லாம் புலத்தை வளைத்துவிடுவதால் முள் அடிக்கு அடி வேறு திசை காட்டும்.

திசைக்குத் தொல்லையான இந்தக் கோணல்தான் வேகத்துக்கு வழி திறக்கிறது. இத்துறையின் அழகே இதில் இருக்கிறது. நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரத்துக்குப் பாறைச் சரிவில் ஏறும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் நடந்தால் எவ்வளவு உயரம் கூடும் என்பதும், ஒரு நொடியில் எவ்வளவு உயரம் கூடுகிறது என்பதும் தெரிந்தால் அவருடைய நடைவேகம் தெரிந்துவிடும். காந்தப்புலத்துக்கும் இதே கணக்குதான். மீட்டருக்கு 1 மைக்ரோடெஸ்லா மாறும் இடத்தில், நொடிக்கு 2 மைக்ரோடெஸ்லா மாற்றம் பதிவானால் வேகம் நொடிக்கு 2 மீட்டர்.

புலத்தின் 'சரிவை' அளக்க ஒரு காந்தமானி போதாது. சில சென்டிமீட்டர் இடைவெளியில் பல காந்தமானிகளை ஒரே பலகையில் பதித்து, அவற்றின் அளவுகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பார்க்கிறார்கள். மூன்று திசைப் புலமும் மூன்று திசைகளில் மாறுவதால் ஒன்பது எண்கள் தேவை. மேக்ஸ்வெல் சமன்பாடுகள் அவற்றை ஐந்தாகக் குறைத்துவிடுகின்றன. கருவி சுழன்றாலும் காந்தமானியின் அளவு மாறும் என்பதால், அந்தப் பங்கைச் சுழல்மானியைக் கொண்டு கழித்துவிட வேண்டும். எஞ்சுவது நகர்வால் வந்த மாற்றம். முடுக்கமானி தரும் விடையையும் இதையும், ருடால்ஃப் கால்மன் 1960-இல் வகுத்த வடிகட்டி முறை அவற்றின் நம்பகத்துக்கு ஏற்ப எடைபோட்டு இணைக்கிறது.

புலம் சீராக இருக்கும் திறந்தவெளியில் சரிவு பூச்சியம். அங்கே இம்முறைக்குக் கண் தெரியாது. நல்லவேளையாக, வெட்டவெளியில்தான் ஜிபிஎஸ் நன்றாக எட்டுகிறது.

பிரான்சில் டேவிட் விசியேர், அலென் மார்ட்டின், நிக்கோலா பெத்தி ஆகியோர் 2007-இல் இந்த முறையை முன்வைத்தார்கள். விசியேர் பங்கேற்றுத் தொடங்கிய சிஸ்நாவ் நிறுவனம், இதே மூன்று வகை உணரிகளைக் கொண்டு ஆக்டிமயோ என்ற அணிகருவியையும் உருவாக்கியது. டுஷென் தசைச்சிதைவு நோயுள்ள சிறுவர்கள் அதைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு வீட்டிலும் வெளியிலும் வழக்கம்போல் நடமாடுகிறார்கள். அவர்களுடைய எட்டுகளில் மிக விரைவான 5 சதவீதம் எந்த வேகத்தில் தொடங்குகிறது என்பதே அதில் எடுக்கப்படும் அளவு. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சில நிமிடம் நடக்கவைத்துப் பார்ப்பதைவிட இது குழந்தையின் உண்மையான வலிமைக்கு நெருக்கமானது. மருந்துச் சோதனைகளில் இதைத் துணை அளவீடாகப் பயன்படுத்த ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் ஏற்பு அளித்தது. 2023-இல் முதன்மை அளவீடாகவும் ஏற்றுக்கொண்டது.