குட்டிநாயும் மண்தரையும்

எங்கள் வத்திராயிருப்புப் பக்கம் நாய்க்குட்டி என்றால் பிள்ளைகளுக்கு உயிர். பக்கத்திலேயே ராஜபாளையம், வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த ஊர் நாய்க்கு 2005 ஜனவரியில் அஞ்சல்தலையே வெளியிட்டார்கள். போன மாதம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், சுற்றுச்சுவரோரம் தெருநாய் ஈன்ற குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டான். "இது கடிக்காது சார்" என்றான். கடித்தால் வெறிநோய் வரும் என்பது அவனுக்குத் தெரியும். குட்டியின் வயிற்றுப் புழுவைப் பற்றித்தான் தெரியாது. நம்மில் பலருக்கும் தெரியாது.

டாக்சோகாரா கானிஸ் என்பது நாயின் குடலில் வாழும் உருளைப்புழு. தாய்நாயின் உடலில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள் சினைக்காலத்தில் விழித்து, நஞ்சுக்கொடி வழியே குட்டிகளுக்குள் போய்விடுகின்றன. பால் வழியாகவும் போகும். அதனால் பிறந்த சில வாரங்களிலேயே குட்டியின் மலத்தில் புழு முட்டைகள் வெளியேறத் தொடங்கும். ஆனால் புதிதாக விழுந்த முட்டை நோய் தராது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து முதிர வேண்டும். முதிர்ந்தபின் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். பினாயில் ஊற்றினாலும் சாகாது. ஆகவே குட்டியைத் தொடுவதைவிட, அது எப்போதோ கழிந்த மண்ணில் விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடுவதே பெரிய ஆபத்து.

மனித உடலில் இந்தப் புழு முழுவளர்ச்சி அடைவதில்லை. இளம்புழுவாகவே இரத்தத்தில் கலந்து ஈரல், நுரையீரல் என்று அலைகிறது. அதனால் மலப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. இரத்தப் பரிசோதனைதான் துப்புக் கொடுக்கும். பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. சிலருக்குக் காய்ச்சல், இருமல், வயிற்றுவலி வரும்.

கண்ணுக்குள் போனால்தான் கொடுமை. 1950-இல் ஹெலனர் வைல்டர் என்ற அமெரிக்க நோயியல் ஆய்வாளர், அகற்றப்பட்ட 46 கண்களை ஆராய்ந்தார். புற்றுநோய் என்று அஞ்சி எடுக்கப்பட்ட பிள்ளைகளின் கண்கள் அவற்றில் பல. 24 கண்களில் இருந்தது புழுவின் இளம்பருவம்!

பெரும்பாலும் ஒரு கண்தான் பாதிக்கப்படும். மற்றொரு கண் நன்றாக இருப்பதால் பிள்ளைக்கே தெரியாது. ஒவ்வொரு கண்ணாகப் பொத்தச் சொல்லிக் கரும்பலகையைப் படிக்க வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. மாறுகண், கருவிழியில் வெண்மை தெரிந்தால் உடனே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். குடற்புழு நீக்க நாளில் நாம் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை குடலிலுள்ள புழுக்களுக்கானது. இந்த நோய்க்கு மருத்துவர் மேற்பார்வையில் பல நாள் சிகிச்சை தேவைப்படும்.

குட்டிக்கு இரண்டாம் வாரத்திலிருந்தே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புழுமருந்து கொடுக்க வேண்டும். மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்துவிட்டால் முட்டை முதிர்ந்து பரவ வழியில்லை. சத்துணவுக்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுவதை எப்படியும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இனிக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

குட்டிகள் சுவரோரம் தாயோடுதான் இருக்கின்றன. கால்நடை மருந்தகத்தில் கேட்டு முதல் தவணை மருந்து கொடுத்தாயிற்று. அடுத்த தவணை வெள்ளிக்கிழமை என்று கரும்பலகை ஓரத்தில் அந்தப் பையனே எழுதி வைத்திருக்கிறான். யாரையும் அழிக்க விடுவதில்லை.