பச்சைத் துணியின் கீழே கிடக்கும் கல்

புலம்பெயர்ந்து வந்த புதிதில், மொழி புரியாத மாலைப் பொழுதுகளில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ஸ்னூக்கர் ஆட்டத்தைப் பார்த்துக் காலங்கழித்தவர்கள் நம்மிடையே பலர். பேச்சு வேண்டாத விளையாட்டு அது. பார்த்துக்கொண்டிருந்தாலே விதிகள் விளங்கிவிடும். ஆயினும் அந்தப் பச்சைத் துணியின் கீழே என்ன இருக்கின்றது என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

அங்கே இருப்பது கல். முழு அளவு மேசையின் ஆடுபரப்பு 3569 மில்லிமீற்றர் நீளமும் 1778 மில்லிமீற்றர் அகலமும் கொண்டது. இப்பரப்பின் கீழே, ஏறக்குறைய 45 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஐந்து கற்பலகைகள் அருகருகே கிடக்கின்றன. மரச்சட்டமும் எட்டுக் கால்களும் சேர்ந்தால் மேசையின் நிறை ஒரு தொன்னைத் தாண்டிவிடும்.

முன்னர் இம்மேசைகள் மரப்பலகையாலேயே செய்யப்பட்டன. ஈரலிப்பில் மரம் நெளிந்தது. பந்து தன் வழியை விட்டு விலகியது. இலண்டனில் மேசை செய்துவந்த ஜோன் தேர்ஸ்டன் 1826-ஆம் ஆண்டில் மரத்துக்குப் பதிலாகச் சிலேட் கல்லைப் பயன்படுத்தினார். நம் ஊர்ப் பள்ளிகளில் அரிவரி எழுதிய அதே இனக் கல்தான். தட்டையாகப் பிளக்கும், ஈரத்தில் நெளியாது, தேய்த்தால் வழவழப்பாகும்.

அக்கல்லைப் பிரித்தானியாவுக்குத் தந்தது பெரும்பாலும் வட வேல்ஸ். அங்கே கல்லை அறுத்தும் பிளந்தும் வாழ்ந்தவர்களின் நெஞ்சில் தூசி படிந்தது, மூச்சு அடைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தொழிலாளரின் நோய்க்குத் தூசியன்று, அவர்கள் நெடுநேரம் கொதிக்கவைத்துக் குடிக்கும் தேநீரே காரணம் என்று சுரங்க மருத்துவர்கள் சொன்னார்கள்! தேயிலையோடு உறவுடைய நமக்கு இதைக் கேட்டுச் சிரிப்பதா சினப்பதா என்று தெரியவில்லை. முதலாளிமார் தொழிலை மூடிப் போய்விட்டமையால் இழப்பீடு கேட்க இடமற்றிருந்த நோயாளருக்கு வழி செய்யும் சட்டம் 1979-இல்தான் வந்தது. பெரிய சுரங்கங்களில் ஒன்றான டினோர்விக் அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1969-இல், மூடப்பட்டிருந்தது. இன்று இத்தாலி, பிரேசில், சீனா ஆகிய நாடுகளின் கல்லும் மேசைகளில் இடம்பெறுகின்றது.

கல்லின் மேல் விரிப்பது கம்பளித் துணி. அதன் மயிர் கோடிட்ட முனையிலிருந்து கறுப்புப் பந்து இருக்கும் முனையை நோக்கிப் படிந்திருக்கும். தூரிகையால் துடைப்பதும் சூட்டுப் பெட்டியால் அழுத்துவதும் அத்திசையிலேயே நடைபெற வேண்டும். மெதுவாக உருளும் பந்து இம்மயிரினால் சற்றே பக்கம் சாயும். தேர்ந்த ஆட்டக்காரர் அதையும் கணக்கில் எடுப்பர்.

ஓரத்து றப்பருக்கும் ஒரு கதை உண்டு. 1835-இல் தேர்ஸ்டன் அறிமுகப்படுத்திய றப்பர் குளிரில் கல்லாய் இறுகியது. ஆட்டத்துக்கு முன் வெந்நீர்ப் பாத்திரங்களை ஓரங்களில் வைத்துச் சூடேற்றினார்கள். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய றப்பர் வந்த பின்னரே அத்தொல்லை தீர்ந்தது. இக்காலப் போட்டி மேசைகளில் துணியின் ஈரத்தைப் போக்கக் கல்லின் அடியிலேயே சூடேற்றிகளைப் பொருத்துகிறார்கள்.

இத்துணை ஆங்கிலேயமாகத் தோன்றும் இவ்வாட்டம் பிறந்தது இந்தியாவில். 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற படை அதிகாரி (பின்னாளில் பிரதமரானவர் வேறொருவர்) இதைத் தொடக்கினார். 1882-இல் நம் நீலகிரியின் உதகமண்டலத்துக் கழகத்தில் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. இதன் மூத்த ஆட்டமான பில்லியர்ட்ஸில், இலங்கையர் எம்.ஜே.எம். லாபிர் 1973-இல் பம்பாயில் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றார்.

ஆட்டக் கழகங்கள் மூடப்படும்போது பழைய மேசைகள் மலிவாக, சில வேளை இலவசமாகவே கிடைக்கும். நம் சங்க மண்டபங்களுக்கு வாங்க விரும்புவோர் முதலில் தரை இந்நிறையைத் தாங்குமா என்று தக்கவரிடம் கேட்டறிதல் நன்று. மேசையை முழுதாகத் தூக்க முடியாது, கழற்றித்தான் கொண்டுவரவேண்டும். கற்பலகைகள் ஒன்றோடொன்று பொருந்தத் தேய்க்கப்பட்டவை. ஆகவே கழற்றும்போதே இலக்கமிட்டு, அதே வரிசையில் அடுக்கி, நீர்மட்டம் வைத்துச் சமன்செய்து, இணைப்புகளை அடைத்த பிறகே துணியை விரிக்கவேண்டும். இதற்கெனத் தேர்ந்த தொழிலாளர் உள்ளனர். மேசைக்குக் கொடுக்கும் விலையைவிட அவர்களுக்குக் கொடுக்கும் கூலி கூடுதலாக இருக்கலாம்.