நீலோற்பலம் என்றொரு இளவரசி

மார்த்தாண்டத்திலிருந்து வடக்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதையில் இருக்கிறது அருமனை. இந்தச் சிற்றூரின் பெயர் திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டுக்கும் உண்டு: அருமனை அம்மவீடு. வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு என்று இன்னும் மூன்று அம்மவீடுகள் அங்கே இருந்தன. திருவிதாங்கூர் அரசர்களுக்கு மனைவியராக வந்த பெண்களின் குடும்பங்கள் அவை. அந்தப் பெண்கள் அரசரின் மனைவியர், ஆனால் அரசியர் அல்லர். பனப்பிள்ளை அம்மை என்பதுதான் அவர்களுக்குரிய பட்டம். மருமக்கத்தாய முறைப்படி பட்டம் அரசரின் சகோதரி மகனுக்குப் போகும். அரசரின் சொந்த மகன் வெறும் ‘தம்பி’, மகள் ‘தங்கச்சி’. அந்த வழக்கத்தை எதிர்த்து வாளெடுத்த பப்புத் தம்பி, ராமன் தம்பியின் முடிவை ‘தம்பிமார் கதை’ கேட்டு வளர்ந்த குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள்.

இதற்கு நேர்மாறான கணக்கு ஒன்று இஸ்தான்புல்லின் உதுமானிய அரச குடும்பத்தில் இருந்தது. அங்கே மகன் வழிதான் வழி. மகளுக்குச் ‘சுல்தான்’ பட்டம் உண்டு. ஆனால் அவள் வெளிக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டால், அவள் பிள்ளைக்கு அந்தப் பட்டம் இல்லை. மகளின் மகளுக்கு ஒரு படி கீழே ‘ஹனிம்சுல்தான்’ என்ற பெயர் மட்டும்.

அப்படி ஒரு படி கீழே பிறந்தவர்தான் நிலூஃபர்.

1916 ஜனவரி 4-ஆம் நாள் இஸ்தான்புல்லில் பிறந்தார். தாய் அதீலே சுல்தான், உதுமானியப் பேரரசர் ஐந்தாம் முராதின் பேத்தி. அந்த முராத் 1876-இல் 93 நாள் மட்டுமே அரியணையில் இருந்தவர். மனநலம் சரியில்லை என்று இறக்கப்பட்டு, 1904-இல் இறக்கும் வரை சிராகான் அரண்மனைக்குள்ளேயே அடைத்து வைக்கப்பட்டார். அவரோடு சேர்ந்து மகனும், அதாவது நிலூஃபரின் பாட்டனாரும், 28 ஆண்டு அந்தச் சுவர்களுக்குள் கழித்தார். வெளியே கடல் தெரியும், கால் வைக்க முடியாது. நிலூஃபரின் தாய்வழிச் சொத்து என்று சொல்ல வேண்டுமானால், மாணிக்கத்தையும் முத்தையும்விட இந்தச் சிறைவாசத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தந்தை சலாஹுத்தீன் அலி, குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும்போதே காலமானார்.

எட்டு வயதில் நாடும் போயிற்று. 1924 மார்ச் 3 அன்று துருக்கிக் குடியரசு கிலாஃபத்தை ஒழித்து, அறுநூறு ஆண்டுக்கும் மேல் ஆண்ட குடும்பத்தை ஆண், பெண், குழந்தை என்று பாராமல் நாடு கடத்தியது. கடைசி கலீஃபா இரண்டாம் அப்துல் மஜீத் மறுநாளே ரயிலேற்றப்பட்டார். பெண்களுக்குச் சில நாள் தவணை கிடைத்தது. தாயும் மகளும் போய்ச் சேர்ந்த இடம் பிரான்சின் தென்கரையில் உள்ள நீஸ். கலீஃபாவும் அங்கேதான் குடியேறினார். அரச குடும்பம் கையிலிருந்த நகைகளை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிட்டது.

அந்தக் குடும்பத்துக்கு மாதம் 300 பவுண்டு அனுப்பிக்கொண்டிருந்தவர் ஹைதராபாத்தின் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான். 82,000 சதுர மைல் பரப்புள்ள சமஸ்தானம், உலகப் பணக்காரர் என்ற பெயர். ஆனாலும் அவருக்கு ஒரு குறை இருந்தது. செல்வம் கோல்கொண்டாவிலிருந்து வந்தது. கலீஃபாவின் குடும்பத்துக்கிருந்த மதிப்பைக் கோல்கொண்டா தராது. மூத்த மகன் ஆசம் ஜாவுக்குக் கலீஃபாவின் ஒரே மகள் துருஷெவாரைக் கேட்டார். கிலாஃபத் இயக்கத்தின் மௌலானா ஷௌகத் அலி நடுவில் நின்று பேசினார். கலீஃபா தரப்பு கேட்ட மஹர் தொகை அதிகம் என்று நிஜாம் தயங்கியதாகவும், அதே தொகைக்கு இளைய மகனுக்கும் ஒரு பெண் தருகிறோம் என்று பேச்சு முடிந்ததாகவும் இன்றும் ஹைதராபாத்தில் சொல்வார்கள். அந்த இரண்டாவது பெண் நிலூஃபர். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, ஒரு பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றி இப்படி ஒரு கதை ஊரெல்லாம் உலவும் என்பதே மனத்தை உறுத்துகிறது.

1931 நவம்பர் 12 அன்று நீஸில் ஒரே நாளில் இரண்டு நிக்காஹ். நிஜாமின் இளைய மகன் மொஅஸ்ஸம் ஜாவுக்கு வயது 23. நிலூஃபருக்கு 16 முடிய இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

டிசம்பரில் வெனிஸ் துறைமுகத்தில் ‘பில்ஸ்னா’ என்ற இத்தாலியக் கப்பலில் ஏறினார்கள். இரண்டு நாள் கழித்து பிரிண்டிசியில் அதே கப்பலில் இன்னொரு பயணி ஏறினார். லண்டன் வட்டமேஜை மாநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய காந்தி. நாடிழந்த குடும்பத்துப் பெண்கள் இருவர், நாட்டைக் கேட்கப் போய்விட்டு வரும் ஒரு மனிதர், ஒரே கப்பலில் இரண்டு வாரம். இளவரசிகள் காந்தியைச் சந்தித்ததாக அன்றைய பத்திரிகைகள் எழுதின. டிசம்பர் 28-இல் பம்பாயில் கப்பல் நின்றது. ஏழே நாளில், 1932 ஜனவரி 4 விடியும் முன் காந்தி கைதானார். அன்றைக்குத்தான் நிலூஃபருக்குப் பதினாறு நிறைந்தது.

புது ஊரில் முதலில் பழகியது சேலை. இஸ்தான்புல்லிலும் நீஸிலும் வளர்ந்த உடம்பு ஆறு கஜத்துக்கு இவ்வளவு இயல்பாக இணங்கிவிடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பம்பாய் கைவினைஞர்கள் மெல்லிய ஷிஃபானிலும் வலைத்துணியிலும் சரிகையும் பட்டுநூலும் இழைத்து அவருக்கென்றே பூவேலை செய்து தந்தார்கள். தோளில் கனம் தெரியாத துணி. பார்டரில் மட்டும் உலோக இழையின் பாரம். அது காலடியில் விழுந்து முந்தானையை நேராக இழுத்து நிறுத்தும். அந்தச் சேலைகளில் சில இன்று நியூயார்க்கின் ஆடை வடிவமைப்புக் கல்லூரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படங்களில் பார்ப்பவர்களுக்கு முகம்தான் முதலில் தெரியும். உலகின் பேரழகிகள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்த பத்திரிகைகள் உண்டு. அந்த முகம்தான் அவர் வாழ்க்கையை மறைத்தும் விட்டது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நிலூஃபர் என்றால் பாரசீகத்தில் அல்லிப் பூ. அந்தச் சொல்லுக்கு வேர் வடமொழியின் ‘நீலோத்பலம்’. தமிழில் நாம் நீலோற்பலம் என்போம், குவளை என்போம். குமரி மாவட்டத்துக் குளங்களில் ஆம்பலும் தாமரையும் பூத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது. இங்கிருந்து பாரசீகம் போய், துருக்கிக்குப் போய், ஒரு குழந்தைக்குச் சூட்டப்பட்டு, கப்பலேறித் திரும்பி வந்த பெயர் அது.

ஹைதராபாத்தில் அவர் திரைக்குப் பின்னால் இருக்கவில்லை. அரச குடும்பத்துப் பெண்கள் பொது இடத்தில் முகம் காட்டாத ஊரில் விழாக்களுக்குப் போனார், விருந்துகளில் கலந்துகொண்டார். மாமனார் நிஜாமுக்கு மருமகள் மீது மிகுந்த வாஞ்சை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செவிலியர் பயிற்சி எடுத்து நிவாரண வேலைகளில் ஈடுபட்டார். இந்த ஒரு செய்தியை அருமனைக்காரர்கள் சற்று நின்று படிப்பார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் ஆஸ்பத்திரி வேலைக்கு வெளியூரோ வெளிநாடோ போன பெண் பிள்ளை இல்லாத தெரு குறைவு. நர்ஸ் வேலை என்றால் என்ன, இரவு ட்யூட்டி முடித்து வரும் காலின் வீக்கம் என்ன என்று இங்கே விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இளவரசி அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முன்வந்தார் என்பதை அவர் உடுத்திய சேலைகளைவிட முக்கியமாக எழுதியிருக்க வேண்டும்.

துருஷெவாருக்கு 1933-இல் முகர்ரம் ஜா பிறந்தார். 1939-இல் இன்னொரு மகன். நிலூஃபருக்குக் குழந்தை உண்டாகவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்களைப் பார்த்தார். பலன் இல்லை. குழந்தை இல்லாத வீட்டில் கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்படும் என்பது அரண்மனையானாலும் ஓட்டு வீடானாலும் ஒன்றுதான். மொஅஸ்ஸம் ஜா 1948-இல் இன்னொரு மணம் செய்துகொண்டார்.

இந்த வலிக்கு நடுவில்தான் ரஃபாத்துன்னிசா வருகிறார். நிலூஃபரின் பணிப்பெண். பிரசவத்தில் இறந்துபோனார். சமஸ்தானத்தின் தலைநகரில், அரண்மனையில் வேலை பார்த்த ஒருத்திக்கே பேறுகாலத்தில் உயிரைக் காக்க ஓர் ஏற்பாடு இல்லையென்றால், கிராமத்துப் பெண்களுக்கு என்ன கதி? மாமனாரிடம் பேசி, தாய்மாருக்கும் சேய்களுக்குமாகத் தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்று நிலூஃபர் நின்றார். ரஃபாத் ஒருத்தியோடு இது முடிய வேண்டும் என்பது அவர் உறுதி.

அந்தக் காலத்தின் கணக்கைப் பார்த்தால்தான் அந்த உறுதியின் கனம் தெரியும். 1946-இல் வெளியான, போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பெண்கள் பேறுகாலத்தில் இறப்பதாக மதிப்பிட்டது. ஆயிரம் பிரசவத்துக்கு இருபது தாய்மார். 2018-20 கணக்கெடுப்பில் இந்திய அளவில் அது லட்சத்துக்கு 97-ஆகக் குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 54, தெலங்கானாவில் 43. ஆயிரம் என்று சொன்ன இடத்தில் இன்று லட்சம் என்று சொல்கிறோம்.

தென் திருவிதாங்கூர் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னால் நின்றது. நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. நாகர்கோவில் வடசேரியில் சால்வேஷன் ஆர்மியின் காதரின் பூத் ஆஸ்பத்திரி. அதற்கப்பால் வயிற்றாட்டியின் கைராசிதான். மருத்துவமனைக்குத் தூக்கிக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துபோன உயிர்கள் எத்தனையோ. திருவனந்தபுரத்தில் 1950-களின் தொடக்கத்தில் தாய் சேய் மருத்துவமனை ஒன்று எழுந்தது. சிறுவயதிலேயே இறந்துபோன இளவரசர் அவிட்டம் திருநாளின் பெயரில் அமைந்தது. சுருக்கமாக எஸ்.ஏ.டி. சிக்கலான பேறு என்றால் குமரி மேற்கிலிருந்து இன்றும் வண்டி அங்கேதான் திரும்பும். ஏறத்தாழ அதே காலத்தில், 1953-இல், ஹைதராபாத் ரெட் ஹில்ஸ் பகுதியில் நிலூஃபர் மருத்துவமனை திறந்தது. ஒரு பக்கம் பிள்ளையை இழந்த ஓர் அரச குடும்பம், இன்னொரு பக்கம் பிள்ளையே வாய்க்காத ஓர் இளவரசி. இரண்டு ஊரிலும் பலன் பெற்றவர்கள் ஏழைத் தாய்மார்.

மருத்துவமனை திறந்தபோது நிலூஃபர் அங்கே வசிக்கவில்லை. 1948 செப்டம்பர் 17-இல் நிஜாமின் படை சரணடைந்து ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்தது. அந்த ஆண்டே அவர் தாயோடு இருக்க பிரான்சுக்குப் போய்விட்டார். 1952-இல் மணவிலக்கு. அதே 1952-இல்தான் உதுமானியக் குடும்பத்துப் பெண்கள் நாடு திரும்பத் துருக்கி அனுமதி தந்தது. எட்டு வயதில் பூட்டப்பட்ட கதவு முப்பத்தாறு வயதில் திறந்தது. அவர் வாழ்க்கை அதற்குள் பாரிஸில் வேர்விட்டிருந்தது. 1963-இல் எட்வர்ட் போப் என்ற அமெரிக்கரை மணந்தார். ஹைதராபாத் அரண்மனைப் பெண்மணி என்ற பேச்சுகள் ஓய்ந்து, பாரிஸ் குடியிருப்பில் ஒரு சாதாரணப் பெண்மணியாக அவர் வாழ்ந்த ஆண்டுகள் அவை.

இடையில் 1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த நாள். விளவங்கோடு தாலுகாவோடு அருமனை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து விடுபட்டு, இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதே நாளில் ஹைதராபாத் மாநிலம் மூன்றாகப் பிரிந்து வரைபடத்திலிருந்தே மறைந்தது. அம்மவீடு இருந்த அரசும் இல்லை, நிலூஃபர் வாழ்ந்த ஹில் ஃபோர்ட் அரண்மனை இருந்த அரசும் இல்லை.

1989 ஜூன் 12 அன்று பாரிஸில் நிலூஃபர் காலமானார். நகருக்கு வடகிழக்கே பொபிஞி முஸ்லிம் இடுகாட்டில், தாய் அதீலே சுல்தானுக்குப் பக்கத்தில் அடக்கமானார்.

முதல் கணவர் மொஅஸ்ஸம் ஜாவின் பெயர் ஹைதராபாத்தில் ஒரு சந்தைக்கு இருக்கிறது. கல் கட்டடம், உச்சியில் கடிகாரம், கீழே பழக்கடையும் ஐஸ்கிரீம் கடையும். நிலூஃபர் என்ற பெயரைக் கேட்டால் இன்று ஊருக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் நினைப்பது அதே பெயருள்ள டீக்கடையை. மருத்துவமனையின் பெயரால் அறியப்பட்ட அந்தப் பகுதியிலிருந்து கிளைவிட்ட கடை அது. அருமனைச் சந்திப்பில் சாயா குடிப்பதுபோல் அங்கே ஈரானி சாயா குடிக்கிறார்கள், உஸ்மானியா பிஸ்கட்டை முக்கிச் சாப்பிடுகிறார்கள்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவு. தெலங்கானாவின் கிராமங்களிலிருந்து மட்டுமல்ல, எல்லை தாண்டி கர்நாடகத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தாய்மார் வருகிறார்கள். துணியில் சுற்றிய பச்சைக் குழந்தையை மாரோடு அணைத்தபடி, டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதற்காகத் தரையில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.