விழிப்புலனற்றோரும் ஒலியாக்கக் கலையும்

தமிழ்ப் புலமை மரபிலே கண்ணொளி இழந்தோர்க்கு என்றும் இடமிருந்து வந்துள்ளது. அந்தகக்கவி வீரராகவ முதலியார் ஈழத்துக்கு வந்து பரராசசேகரன் அவையிற் பாடிப் பரிசில் பெற்றாரென்பது வழிவழியாக வரும் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளமையிலேயே பார்வை இழந்தும் பெரும்புலவராய் விளங்கினார். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. இவர்தம் பாடல்களை ஏட்டில் ஏற்றியது பிறர் கை. எழுதுவான் ஒருவன் அருகில் இல்லாவிடின் பாட்டுக் காற்றோடு போயிருக்கும். இக்கட்டுரையின் பொருள் அந்தப் பிறர் கையைப் பற்றியதே.

ஒலிநூல் என்னும் கருத்துப் புதியதன்று. 1935-ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் விழிப்புலனற்றோர்க்கான முதற் பேசும் நூல்கள் வெளிவந்தன. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிட வாசிப்பு அடங்கும். எனவே ஒரு நாவலுக்குத் தட்டுகள் பல வேண்டியிருந்தன. அம்முயற்சிக்கு முன்னின்றவர்களுள் ஒருவரான இயன் பிரேசர், 1916-இற் போர்க்களத்திலே பார்வையை இழந்தவர். எனினும், ஒலிவாங்கியின் முன் இருந்து வாசித்தவரும், பொறியை இயக்கியவரும் பெரும்பாலும் பார்வையுடையோரே. விழிப்புலனற்றவர் கேட்போராக மட்டும் நின்றனர். கேட்போர் ஆக்குவோராவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

அம்மாற்றத்தைத் தந்தது கணினி. திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பர். 2006-ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிலே மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் விழிப்புலனற்ற இளைஞர் இருவர் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை ஆக்கி, விலையின்றி உலகுக்கு வழங்கினர். ஈஸ்பீக் என்னும் பேச்சுப் பொறியின் துணையால் அது தமிழையும் படிக்கும். குரல் சற்றே இயந்திரத்தன்மையுடையதுதான். பழகிய செவிக்கு அது தடையன்று. ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளைத் திரைவாசிப்பானோடு இணைக்கும் ஒசாரா என்ற இலவசத் துணைக்கருவியை ஆக்கியவர்களுள்ளும் அதே ஜேம்ஸ் டே உள்ளார். தமக்கு வேண்டிய கருவியைத் தாமே செய்துகொண்ட இச்செய்தி நம் மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

இனி, கண்ணின் துணையின்றி ஒலியைத் திருத்துவது எங்ஙனம் என வினவுவோர் உளர். பார்வையுடைய தொழிலாளி திரையிலே அலைவடிவத்தைக் கண்டு, சுட்டியால் தொட்டு வெட்டுகிறான். விழிப்புலனற்றவனோ விசைப்பலகையையே முற்றும் நம்புவான். ஒரு விசை ஓட்டும்; ஒன்று நிறுத்தும்; வேறொன்று வெட்டவேண்டிய இடத்துக்கு அடையாளம் இடும். நின்ற இடம் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி, ஒலியின் உச்சம் எத்தனை தெசிபெல் என்பவற்றைத் திரைவாசிப்பான் சொல்லும். இவ்வாறு கருவியின் பேச்சும் பதிவின் ஒலியும் கலந்தே காதில் விழும். அவற்றைக் குழப்பமின்றிப் பிரித்தறிதலே பயிற்சியின் முதற் படி. முதற் சில வாரங்கள் தலைவலியே மிஞ்சும். பின்னர் மனம் வழிப்படும். அலையின் வடிவத்தைப் பாராமையால் இழப்பு மிகச் சிறிதே. சொல்லின் ஈற்றில் நின்ற மூச்சு எங்கே முடிகிறது என்பதை அறிய வேண்டியது செவியே அன்றோ?

ஈண்டு ஒரு பொதுநம்பிக்கையையும் ஆராய்தல் தகும். பார்வை போனவர்க்கு இறைவன் செவிக்கூர்மையை இரட்டிப்பாய் அளித்தான் என்பர். காது என்னும் உறுப்பிலே வேறுபாடு இல்லை. ஆனால், 2004-ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு, மிக இளமையிற் பார்வை இழந்தோர் சுருதியின் ஏற்ற இறக்கத்தை மற்றையோரினும் நுட்பமாக உணர்ந்தனர் எனவும், பிற்காலத்தில் இழந்தோரிடம் அச்சிறப்புக் காணப்படவில்லை எனவும் காட்டிற்று. ஆதலின் இத்தொழில் விழிப்புலனற்ற எவர்க்கும் தானே வரும் என்று கருதுவது பிழை. பார்த்து வளர்ந்து பின் இழந்தவனுக்கும் இது வரும். பயிற்சி கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

நம் நாட்டிலே இரத்மலானையில் மேரி சாப்மன் அம்மையார் 1912-இற் தொடக்கிய பாடசாலையும், கைதடியில் 1956-இல் தோன்றிய நஃபீல்ட் பாடசாலையும் பல தலைமுறையினர்க்குப் பிரெயில் எழுத்தைத் தந்தன. புளத்கொகுபிட்டிய மலைத்தோட்டத்திற் பிறந்த குழந்தைக்கு முன்னையது கொழும்புக்கும் அப்பால்; பின்னையது தீவின் மறுகோடி. கொழுந்து பறித்தும், கீழ்ப்புறத் தோட்டங்களில் இறப்பர்ப் பால் வெட்டியும் நாட்கூலி பெறும் தாய்தந்தையர் பிள்ளையை அவ்வளவு தொலைவு அனுப்பத் தயங்குவது இயல்பு. பள்ளி முடித்தவர்க்கும் பிரம்பு பின்னலும் தும்பு வேலையுமே தொழிலென நெடுங்காலம் கருதப்பட்டன. அத்தொழில்களை இகழ்வது எம் நோக்கமன்று. கையாற் பின்னுவோன் நெஞ்சிலே வேறு திறனும் இருக்கக்கூடும் என்பதே கூறவந்தது. இந்தியாவிலே 2014-இல் தோன்றிய ரேடியோ உடான் என்னும் இணைய வானொலி, பார்வையற்றோரே நடத்துவதாகும்.

தோட்டப்புறத்தில் இக்கலைக்கு இரு வேலைகள் காத்திருக்கின்றன. 2016-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் புளத்கொகுபிட்டியவின் களுபான தோட்டத்திலே மண்சரிவு லயத்து மக்களை உயிரோடு புதைத்தது. அத்தகைய மலைச்சாரலில் மழைக்கால எச்சரிக்கை, எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாத முதியவர்க்கும் விளங்குமாறு, அவர் பேசும் தமிழிலேயே கைத்தொலைபேசிக்குக் குரலாக வருவது உயிர்காக்கும் செயல். ஒரு நிமிடத்துக்குள் தெளிவாய்ப் பேசிப் பதிந்து அனுப்பும் ஆள் ஒவ்வொரு தோட்டத்திலும் வேண்டும். அவர் கண்பார்வையுடையவராய் இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை.

மற்றது பாட்டு. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றினார். சொல் பிழைத்தது, மெட்டும் தப்பின் அடியும் அச்சிலே ஏறா. காமன் கூத்திலே பாடும் முதியவர்கள் குறைந்து வருகின்றனர்.

ஒரு தடையையும் மறைத்தல் ஆகாது. நம் நாட்டில் அச்சுக்குக் கொடுக்கப்பட்ட தமிழ் ஆவணங்கள் பல பாமினி எழுத்துருவிற் கிடக்கின்றன. அவை கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். திரைவாசிப்பானோ ஆங்கில எழுத்துக்களின் குவியலையே ஒப்பிக்கும். ஒருங்குறிக்கு மாற்றினாலன்றி விழிப்புலனற்ற வாசிப்பாளருக்கு அப்பக்கம் வெற்றுத்தாளே. நூல்களைக் கேட்குருவில் ஆக்குவதற்குப் பதிப்புரிமை இடையூறாகாவண்ணம் 2013-இல் மரக்கேசு நகரில் உடன்படிக்கை எழுந்தது; இலங்கையும் 2016-இல் அதிற் சேர்ந்தது. சட்டத்தின் கதவு திறந்தும் எழுத்துருவின் கதவு அடைத்திருப்பது விந்தையே. கல்லூரிகள் தம் மலர்களை ஒருங்குறியில் வெளியிடுதல் செலவில்லாத உதவி.

பயிற்சிக்கு வேண்டுவன சில: பழைய கணினி ஒன்று, செவிக்கருவி ஒன்று, நடுத்தர ஒலிவாங்கி ஒன்று. லயத்தின் தகரக் கூரையில் மழை இரையும்போது பதிவு செய்ய முற்படலாகாது. அதிகாலைப் பிரட்டுக்கு முன்னுள்ள அமைதியே தக்க வேளை. சுவர்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் விடுக. தப்புக்கோ அவ்வளவு போதாது. ஐந்தாறு அடி தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்தாலன்றி அடியின் ஓசை உடைந்து, பாடுவோன் குரலையும் விழுங்கிவிடும்.