லோயர் கந்தோர் வேலைக்கும் நம் பிள்ளைகள் போகலாம்

சாதாரண தரம் முடித்த பிள்ளைகளைக் கொழும்புக் கடைக்கு அனுப்பத்தான் நாம் யோசிக்கிறோம். அட்டனில் சட்டத்தரணிமாரின் கந்தோர்களில் கிளாக்கர் வேலை என்று ஒன்று இருப்பது பலருக்கு ஞாபகம் வருவதில்லை.

வந்தவரிடம் விபரம் கேட்டு எழுதுவது, மனுவும் சத்தியக்கடதாசியும் டைப் பண்ணுவது, வழக்குத் தவணையை டயறியில் குறிப்பது, கோவையைத் தேடி எடுப்பது, இதுதான் வேலை. சட்ட ஆலோசனை சொல்வது லோயரின் பொறுப்பு, கிளாக்கர் அதில் தலையிடக் கூடாது.

முக்கியமாகச் சிங்களம் எழுத வாசிக்கத் தெரிய வேண்டும். 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தப்படி நாம் தமிழிலும் மனுக் கொடுக்கலாம், மொழிபெயர்ப்பும் கேட்கலாம். ஆனாலும் நம் பக்கத்து நீதிமன்றங்களில் பதிவு பெரும்பாலும் சிங்களத்தில்தான். இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைக்கு அங்கே மதிப்பு உண்டு.

பேர் வெட்டி வேலையை விட்டு நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். ஏழாம் மாதம் கடதாசிக் கட்டோடு வந்து நின்றவர்களை நாம் பார்த்திருக்கிறோம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். முப்பது வருடம் கொழுந்தெடுத்த அம்மாவுக்கு 420 நாள் சம்பளம் வரவேண்டும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்றால் காசு எடுக்க அலைய வேண்டியதுதான். ஒரு சத்தியக்கடதாசியைப் பிழையில்லாமல் எழுதுகிற பிள்ளை லயத்தில் இருந்தால் எவ்வளவு உதவி!

ஆரம்பச் சம்பளம் குறைவு, பஸ் காசும் போகும். கந்தோரில் பார்த்த கோவையைப் பற்றி மட்டும் பீலிக்கரையில் கதைக்கவே கூடாது.